அட்டைப் பெட்டியும் கம்பளி மேலங்கியும்

1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வெள்ளிக்கிழமை. அன்று காலை லண்டன் மாநகரத்து ரயில் நிலையங்களில் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றைப் பார்ப்பவரின் கண் முதலில் பிள்ளைகளின் முகத்தில் பதியும். சிலர் சிரிக்கின்றனர், சிலர் மிரண்டு நிற்கின்றனர், சிலர் எதையும் அறியாமல் கையிலுள்ள ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கின்றனர். முகத்தை விட்டுக் கண் சற்றே கீழிறங்கினால், ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிடமும் மூன்று பொருள்கள் இருப்பதைக் காணலாம். தோளிலிருந்து நூற்கயிற்றில் தொங்கும் ஒரு சதுர அட்டைப் பெட்டி; மேலங்கியின் பொத்தானில் கட்டிய ஒரு பெயர்ச் சீட்டு; கையில் ஒரு பை. பை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையிடம் பைக்குப் பதிலாகத் தலையணை உறை.

ஆபத்துக் காலத்தில் ஒரு குழந்தையோடு எதைக் கொடுத்தனுப்புவது என்ற கேள்வி தாய்மார்க்குப் புதியதன்று. வெள்ளத்திலும் பஞ்சத்திலும் கலகத்திலும் ஊரைவிட்டு ஓடிய ஒவ்வொரு தாயும் அதற்குத் தன்னால் இயன்ற விடையைக் கண்டே இருக்கிறாள். ஆனால் ஓர் அரசாங்கம் அமர்ந்து யோசித்து, பட்டியல் எழுதி, அச்சிட்டு, இலட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது அண்மைக்கால வரலாற்றிலேதான். அந்தப் பட்டியலில் எவை இருந்தன, எவை இல்லாமற் போயின, ஆபத்து உண்மையிலேயே வந்தபோது எவை உதவின என்று பார்ப்பது பயனுள்ள செயல் என்று எண்ணுகிறேன். பெற்றோர் தம் பிள்ளைகளுக்காக இப்படி ஒரு பையைக் கட்டிவைக்க வேண்டிய தேவை உலகில் இன்னும் ஒழியவில்லை.

முதலில் அந்த அட்டைப் பெட்டி. அதனுள் இருந்தது நச்சுப்புகை முகமூடி.

முதல் உலகப்போரில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். அந்த நாளிலிருந்து ஐரோப்பியரின் மனத்தில் நச்சுவாயு ஒரு பேயாகவே குடிபுகுந்துவிட்டது. 1917ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் லண்டனின் கிழக்குப் பகுதியில் வீசிய குண்டுகளில் ஒன்று பாப்லர் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைத் துளைத்துக் குழந்தைகளின் வகுப்பில் வெடித்தது. 18 பிள்ளைகள் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதை ஒட்டிய சிறார். வானத்திலிருந்து சாவு வரும், அது பள்ளிக்கூடத்தையும் விடாது என்பதை அந்த நகரம் அன்றே கற்றுக்கொண்டது. பிறகு 1935, 36ஆம் ஆண்டுகளில் இத்தாலியர் அபிசீனிய மக்கள்மீது விமானங்களிலிருந்து கடுகுவாயுவைப் பொழிந்தனர். 1937இல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுகளால் எரிந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிப் பார்த்தவர்கள், அடுத்த போரின் முதல் இரவிலேயே லண்டன்மீது நச்சுவாயுக் குண்டுகள் விழும் என்று உறுதியாக நம்பினர். அந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளிவிட இயலாது. கண்ணெதிரே நடந்தவற்றிலிருந்து அறிவுடையோர் செய்த கணிப்பே அது.

ஆகவே 1938 செப்டம்பரில், மியூனிக் நெருக்கடியின்போது, பிரிட்டிஷ் அரசாங்கம் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் முகமூடிகளை மக்களுக்கு வழங்கியது. இத்தனை பெரிய ஏற்பாட்டில் ஒரு பெரும் குறை இருந்தது. கைக்குழந்தைகளுக்கென்று ஒன்றும் இல்லை. தகப்பனுக்கு முகமூடி, தாய்க்கு முகமூடி, மடியில் இருக்கும் மகவுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்ற நிலையில் அந்தத் தாயின் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! போர் ஓராண்டு தள்ளிப்போனதால் அந்தக் குறையைச் சரிசெய்ய அவகாசம் கிடைத்தது.

கைக்குழந்தைக்காகச் செய்யப்பட்டது முகமூடி என்பதைவிட ஒரு கூடு என்பதே பொருந்தும். குழந்தையின் தலையும் உடலும் அதனுள் அடங்கும். கால்கள் மட்டும் வெளியே தொங்கும். முன்புறம் ஒரு கண்ணாடிச் சாளரம். பக்கத்தில் துருத்தி போன்ற ஒரு கைப்பம்பு. தாய் அதை இடைவிடாது அழுத்திக்கொண்டிருந்தால்தான் உள்ளே வடிகட்டிய காற்று செல்லும். அவள் கை ஓய்ந்தால் காற்று ஓயும். தன் முகமூடிக்குள் தானே மூச்சுத் திணறிக்கொண்டு, குழந்தைக்கும் காற்று அடித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமையை அவள்மீது சுமத்திய பொறி அது.

கைக்குழந்தைப் பருவம் கடந்த, ஆனால் பள்ளி வயதை எட்டாத சிறாருக்கென்று வந்த முகமூடிக்குச் சிவப்பு ரப்பர் முகமும் நீல வண்ணத் தகரக் குப்பியும் இருந்தன. மக்கள் அதை ‘மிக்கி மவுஸ்’ முகமூடி என்று அழைத்தனர். அந்தச் சித்திர எலிக்கும் இதற்கும் உருவத்தில் யாதொரு ஒற்றுமையும் இல்லை. குழந்தை அஞ்சாமல் அணிந்துகொள்ள வேண்டுமே என்பதற்காக வண்ணமும் பெயரும் சூட்டப்பட்டன. பள்ளிகளில் நாள்தோறும் முகமூடிப் பயிற்சி நடந்தது. ஆசிரியர் சைகை காட்டியதும் பெட்டியைத் திறந்து, தாடையை முதலில் நுழைத்து, வார்களைத் தலைக்குப் பின்னே இழுத்துவிட வேண்டும். உள்ளிருந்து பலமாக மூச்சு விட்டால் கன்னத்து ஓரமாக ரப்பர் அதிர்ந்து ஒரு மரியாதையற்ற ஒலி எழும் என்பதைப் பிள்ளைகள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிட்டனர். அதன்பின் பயிற்சி நேரம் அவர்களுக்கு விளையாட்டு நேரமாயிற்று. பெரியோர் எவ்வளவு அச்சத்தோடு கொடுத்த பொருளையும் குழந்தைகள் இப்படித் தமதாக்கிக்கொள்வதைக் காணும்போது வியப்பும் சிறிது ஆறுதலும் உண்டாகின்றன.

ஆனால் நச்சுவாயு வரவேயில்லை. ஆறாண்டுப் போரில் பிரிட்டிஷ் நகரங்கள்மீது குண்டுகள் விழுந்தன, நெருப்பு விழுந்தது, இறுதியில் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளும் விழுந்தன. வாயு மட்டும் விழவில்லை. கோடிக்கணக்கான பெட்டிகள் தோளில் தொங்கித் தொங்கிக் கிழிந்தன. சிறுவர் அவற்றில் பகல் உணவை எடுத்துச் சென்றனர். இங்கே ஒரு வருந்தத்தக்க பின்கதையும் உண்டு. அக்காலத்து முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் இழைகள் கலந்திருந்தன. அவற்றைத் தயாரித்த தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களுள் பலர், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, கல்நார்த் தூசியால் வரும் நெஞ்சறைப் புற்றுநோய்க்கு இரையாயினர். பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்திற்காகப் பழைய முகமூடிகளை எடுத்து முகத்தில் அணியக் கூடாது என்று பிரிட்டனின் பாதுகாப்பு அதிகாரிகள் இன்று எச்சரிக்கின்றனர். காக்க வந்த பொருள் காத்ததாக ஒரு நிகழ்ச்சியும் இல்லை. அதைச் செய்தவர்களையோ அது கொன்றது.

இனி, கையில் இருந்த பை.

நகரங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றும் திட்டத்தை வகுத்தது சர் ஜான் ஆண்டர்சன் தலைமையில் 1938இல் அமைந்த குழு. திட்டத்திற்கு இட்ட மறைபெயர் ‘வண்ண உடைக் குழலூதி’. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையில் ஒரு குழலூதி, ஊர்க் குழந்தைகள் அனைவரையும் தன் இசையால் மயக்கி அழைத்துச் சென்றுவிடுகிறான். அவர்கள் திரும்பி வருவதே இல்லை. பிள்ளைகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த அலுவலர் கதையின் முடிவைப் படிக்கவில்லை போலும்!

பெற்றோருக்கு அனுப்பப்பட்ட அறிக்கையில் பிள்ளை கொண்டுவர வேண்டிய பொருள்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. பெட்டியோடு கூடிய முகமூடி முதலிடம் பெற்றது. பிறகு மாற்றிக்கொள்ள ஒரு தொகுதி உள்ளாடை, இரவு உடை, வீட்டுக்குள் அணியும் கித்தான் காலணி, கூடுதலாக ஒரு ஜோடி காலுறை, பல் துலக்கும் பிரஷ், சீப்பு, துண்டு, சோப்பு, முகம் துடைக்கும் துணி, கைக்குட்டைகள். அன்றைய நாளுக்கு வேண்டிய உணவுப் பொட்டலமும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இயன்றால்’ ஒரு கனத்த மேலங்கியோ மழை அங்கியோ கொண்டுவரலாம்.

இந்த ‘இயன்றால்’ என்ற சொல் என் மனத்தை உறுத்துகிறது. பட்டியலை எழுதியவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். கனத்த கம்பளி அங்கி வாங்க இயலாத குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிந்தே அந்தச் சொல்லைச் சேர்த்தனர். ஆனால் ஒன்றை நோக்குக. எந்தப் பொருளை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்ததோ அது கட்டாயம். எந்தப் பொருளை ஏழைத் தகப்பன் தன் கூலியில் வாங்க வேண்டுமோ அது இயன்றால்! பஞ்சு மேகம் போல வந்துகொண்டிருந்த வாயுப் பயத்திற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்த ஆட்சி, தவறாமல் வந்தே தீரும் குளிர்காலத்தை அந்தந்த வீட்டின் வசதிக்கு விட்டுவிட்டது.

செப்டம்பர் முதல் நாள் தொடங்கி மூன்றே நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் தனியே சென்ற பள்ளிப் பிள்ளைகள் மட்டும் 8 இலட்சத்து 27 ஆயிரத்துக்கு அருகில். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவர்தம் தாய்மாரும் 5 இலட்சத்துக்கு மேல். ஆசிரியர்களும் உதவியாளர்களும் ஓர் இலட்சத்துக்கு மேல். பயணத்தில் ஒரு பிள்ளையும் உயிரிழக்கவில்லை என்பது அன்றைய ரயில்வே ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை சேர்க்கும் செய்தி. இறங்கிய ஊரில் இரண்டு நாள் உணவாக டப்பாவில் அடைத்த இறைச்சி, டின் பால், பிஸ்கட், சாக்லெட் அடங்கிய பை ஒன்று கையில் தரப்பட்டது. சாக்லெட் எந்த வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்று ஊகிப்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

பைகள் பிரிக்கப்பட்ட இடம் கிராமத்து வீடுகள். அங்கேதான் அந்தப் பட்டியல் வேறொரு வேலையைச் செய்தது. பட்டியலில் கேட்டவற்றுள் பாதியும் இல்லாமல் வந்த பிள்ளைகள் ஏராளம். மாற்று உள்ளாடை என்ற ஒன்று உண்டென்றே அறியாத பிள்ளைகள் இருந்தனர். இரவு உடை கண்டிராதவர்கள், பல் பிரஷ் பிடிக்கத் தெரியாதவர்கள், கித்தான் காலணியைத் தவிர வேறு காலணி இல்லாதவர்கள் வந்து சேர்ந்தனர். தலையில் பேன், தோலில் சிரங்கு, புது இடத்தின் அச்சத்தால் இரவில் படுக்கை நனைப்பு. வசதியான வீட்டுப் பெண்மணிகள் முதலில் முகஞ்சுளித்தனர்; பிறகு தாய்மாரைப் பழித்தனர்; அதன்பிறகே பலர் சிந்தித்தனர். தம் நாட்டின் பெருநகரங்களில் இத்தனை வறுமை ஒளிந்திருந்ததைப் பக்கத்து மாவட்டத்து மக்கள் ஒரு குழந்தையின் பையைப் பிரித்துத்தான் அறிய வேண்டியதாயிற்று! 1943இல் மகளிர் குழு ஒன்று இதைப்பற்றி ‘நமது நகரங்கள்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவும் பாலும் வழங்குவதை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. குடும்பப் படிச் சட்டம் 1945இல் நிறைவேறியது. இவற்றுக்குக் காரணங்கள் பல உண்டு. அந்த வெறும் பைகளும் அவற்றுள் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

மூன்றாவது பொருள் பெயர்ச் சீட்டு. மூன்றிலும் மலிவானது அதுவே. ஒரு துண்டு அட்டை. அதில் பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், ஓர் எண். ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்பது பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் பெரும்பாலும் தெரியாது, வழியனுப்பும் தாய்க்கோ அறவே தெரியாது. ஆகவே பல பிள்ளைகளிடம் தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டை ஒன்றும் கொடுக்கப்பட்டது. போய்ச் சேர்ந்த வீட்டின் முகவரியை எழுதி உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த அட்டை வரும்வரை தாய்க்குத் தன் மகன் எங்கே என்று தெரியாது. அந்த நாட்களில் லண்டன் தெருக்களில் தபால்காரரின் வருகைக்காக எத்தனை கதவுகள் திறந்தே கிடந்தன என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். இத்தனை பெரிய ஏற்பாட்டில் அதிகமாகப் பயன்பட்டவை எவை என்று என்னைக் கேட்டால் அந்தச் சீட்டையும் அஞ்சலட்டையையுமே சொல்வேன்.

ஆனால் பெயர்ச் சீட்டு ஓர் அவமானத்தையும் தாங்கிற்று. பல ஊர்களில் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினர். வீடளிக்க வந்தவர்கள் சுற்றிவந்து, இந்தப் பிள்ளை எனக்கு, அந்தப் பிள்ளை உனக்கு என்று தேர்ந்தெடுத்தனர். ஒரு பிள்ளைக்கு வாரம் பத்தரை ஷில்லிங், ஒன்றுக்கு மேற்பட்டால் தலைக்கு எட்டரை ஷில்லிங் என்று அரசாங்கம் படி அளித்தது. வேலைக்கு உதவும் வளர்ந்த பையனும், சுத்தமாக உடுத்திய சிறுமியும் விரைவில் போயினர். கந்தல் அணிந்தவனும், தம்பியின் கையை விட மறுத்த அக்காளும் இறுதிவரை நின்றனர். கழுத்தில் சீட்டோடு யாரும் வேண்டாமென்று நின்ற அந்த அரைமணி நேரத்தை முதுமையிலும் மறக்க இயலவில்லை என்று எழுதியவர்கள் பலர். எதிர்பார்த்த குண்டுவீச்சு உடனே நிகழாததால் 1940 ஜனவரிக்குள் பள்ளிப் பிள்ளைகளுள் ஏறத்தாழ பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டனர். லண்டன்மீது பெருங்குண்டுவீச்சு அந்த ஆண்டு செப்டம்பர் 7இல்தான் தொடங்கியது.

நம் நாட்டிலும் அந்தப் போர் ஒரு வெளியேற்றத்தை உண்டாக்கியது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது சென்னை நகரமே காலியாயிற்று. மக்கள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி உள்ளூர்களுக்குச் சென்றனர். அந்தப் பிள்ளைகளின் மார்பில் சீட்டுமில்லை. தாய்மார் கையில் அச்சிட்ட பட்டியலுமில்லை. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் பாட்டன் வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும். அங்கே பிள்ளையின் பெயரைச் சீட்டில் படித்து அறிய வேண்டிய தேவை எழவில்லை.

நிலத்தில் நடந்தது இவ்வளவு. கடலில் நடந்ததுதான் அந்தப் பையின் உண்மையான சோதனை.

பிரான்ஸ் வீழ்ந்தபின், 1940 ஜூனில், பிள்ளைகளைக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கப்பலில் அனுப்ப பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. சில வாரங்களுக்குள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அதே ஆகஸ்டு 30ஆம் நாள் வோலண்டம் என்ற கப்பல் 320 பிள்ளைகளோடு டார்ப்பிடோவால் தாக்கப்பட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் படகுகளில் இறக்கப்பட்டு உயிர்பிழைத்தனர். அவர்களுள் ஓரிருவர் அடுத்த கப்பலிலேயே மீண்டும் ஏறினர். அந்த அடுத்த கப்பலின் பெயர் ‘சிட்டி ஆப் பெனாரஸ்’. நம் காசி நகரத்தின் பெயர் தாங்கி, இந்தியப் பயணப் பாதைக்கென்று 1936இல் கட்டப்பட்ட கப்பல். அதன் மாலுமிகளுள் பெரும்பகுதியினர் இந்தியர். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் எந்திர அறைகளிலும் மேல்தளங்களிலும் குறைந்த கூலிக்கு உழைத்த நம்மவர்களை அது குறித்தது.

செப்டம்பர் 13ஆம் நாள் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில், திட்டத்தின் கீழ் கனடாவுக்குச் சென்ற பிள்ளைகள் 90 பேர். குண்டுவீச்சில் வீடிழந்த லண்டன் குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் ஐவரும் அவர்களுள் இருந்தனர். 17ஆம் நாள் இரவு பத்து மணியளவில், கரையிலிருந்து 600 மைல் தொலைவில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் எய்த டார்ப்பிடோ தாக்கியது. அட்லாண்டிக் பெருங்கடலில் அன்று புயற்காற்று. அரை மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கப்பல் மூழ்கிற்று.

பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கொடுக்கப்பட்டிருந்தது. அதை அணியப் பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தது. சட்டை தன் வேலையைச் சரியாகவே செய்தது. அணிந்தவரை மிதக்க வைத்தது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து இரவு உடையின்மேல் அதை மாட்டிக்கொண்டு ஓடிவந்த பிள்ளைகள்மீது பனிநீர் அலையலையாக மோதிற்று. படகுகள் பல இறக்கும்போதே சாய்ந்து நீரால் நிரம்பின. இடுப்பளவு நீரில் அமர்ந்தவாறே விடியுமுன் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களைக் கொன்றது நீர் என்பதைவிடக் குளிர் என்பதே சரி. பட்டியலில் ‘இயன்றால்’ என்று இறுதியில் எழுதப்பட்ட அந்தக் கம்பளி மேலங்கியின் நினைவு இங்கே வராமற் போகாது. மேலங்கி உடையவர்களிலும் அதை எடுக்க அவகாசம் பெற்றவர் மிகச் சிலர். ஆபத்துப் பை எவ்வளவு செம்மையாகக் கட்டப்பட்டிருந்தாலும் அது கைக்கெட்டாத அறையில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

90 பிள்ளைகளுள் 77 பேர் இறந்தனர். வீடிழந்த அந்தக் குடும்பத்தின் ஐவரும் போயினர். லஸ்கர்களுள் இறந்தவர் நூற்றுவர் அளவினர். இரண்டு சிறுமியர் கவிழ்ந்த படகொன்றின் அடிக்கட்டையை இரவு முழுதும் பற்றித் தொங்கி உயிர்பிழைத்தனர். மறுநாள் பிற்பகல் ‘ஹரிக்கேன்’ என்ற போர்க்கப்பல் வந்து எஞ்சியவர்களை மீட்டுச் சென்றது.

அந்தக் கப்பல் ஒரு படகைக் காணவில்லை. பன்னிரண்டாம் எண் படகு தனியே ஒதுங்கிச் சென்றிருந்தது. அதில் இருந்தோர் 46 பேர். ஆறு சிறுவர், அவர்களுக்குத் துணையாக வந்த மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியை, ஒரு பாதிரியார், போலந்துப் பயணி ஒருவர், பிரிட்டிஷ் மாலுமிகள் சிலர், மற்ற முப்பதுக்கு மேற்பட்டோர் லஸ்கர்கள். படகில் கட்டிவைத்திருந்த அவசரகாலப் பொருள்கள் இவையே: கப்பல் பிஸ்கட், டப்பாவில் அடைத்த மீன், டின் பால், குடிநீர். நீர் சிறு குவளையால் அளந்து ஊற்றப்பட்டது. நா வறண்டதால் பிஸ்கட்டை விழுங்க இயலாமற் போயிற்று. கடல்நீரில் ஊறி மரத்துப்போன சிறுவரின் பாதங்களை அந்த அம்மையார் நாள்தோறும் தேய்த்துவிட்டார். அத்துடன் கதை சொன்னார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளின் நாயகனான ‘புல்டாக் டிரம்மண்ட்’ என்னும் வீரனை எடுத்துக்கொண்டு, தாமே புதுப்புதுச் சாகசங்களைப் புனைந்து, ஒவ்வொரு நாளும் ஆபத்தின் உச்சியில் நிறுத்தினார். அடுத்த பகுதி நாளைக்கு என்றார். நாளை என்ற ஒன்று வரும் என்பதற்கு அந்தப் படகில் இருந்த ஒரே சான்று அதுதான்.

எட்டாம் நாள், செப்டம்பர் 25, பறக்கும் படகு விமானம் ஒன்று அவர்களைக் கண்டது. ‘ஆண்டனி’ என்ற போர்க்கப்பல் வந்து தூக்கிச் சென்றது. ஆறு சிறுவரும் உயிரோடு இருந்தனர். அவர்களுடைய பெற்றோருக்கு மரணச் செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. துக்கம் கொண்டாடிய வீடுகளுக்கு இப்போது இந்தச் செய்தி சென்றது. கப்பலில் பிள்ளைகளை அனுப்பும் திட்டம் அத்துடன் நிறுத்தப்பட்டது. அதுவரை சென்று சேர்ந்த பிள்ளைகள் 2,664 பேர்.

மேரி கார்னிஷுக்கு அரசாங்கம் விருது அளித்தது. அந்த ஆறு சிறுவரின் பெயர்களைப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் அச்சிட்டன. அதே படகில், அதே குவளை நீரைக் குடித்து, அதே எட்டு நாட்களைக் கழித்த முப்பதுக்கு மேற்பட்ட நம்மவர்கள் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நின்றுவிட்டனர். அந்தப் போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவிடங்களின் பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. பெனாரஸ் கப்பலின் லஸ்கர்களும் அவற்றில் அடங்குவர்.